விமானியும் சோப்புக் கட்டியும்

‘தி ஏவியேட்டர்’ என்னும் ஆங்கிலப் படத்தில் கழிவறைக் காட்சிகள் சில உண்டு. விமானங்கள் மோதி நொறுங்கும் காட்சிகளைவிட இவையே நெஞ்சைப் பதற வைப்பவை. நேர்த்தியாக உடுத்திய இளைஞர் ஒருவர் கைகழுவும் தொட்டியின் முன் நிற்கிறார். அங்குள்ள சோப்பை அவர் தொடுவதில்லை. தம் பையிலிருந்து தாமே கொண்டுவந்த சோப்பை எடுத்துத் தேய்க்கிறார். கழுவுகிறார், மீண்டும் தேய்க்கிறார். தோல் பிய்ந்து இரத்தம் கசிந்த பின்னும் கை நிற்கவில்லை. ஊன்றுகோல்களுடன் நிற்கும் ஒருவர், துண்டை எடுத்துத் தருமாறு அவரைக் கேட்கிறார். எட்டும் தூரத்தில் இருக்கும் துண்டு. ஆனாலும் இவரால் எடுத்துத் தர முடியவில்லை. வெளியே போகலாம் என்றாலோ, கதவில் குமிழ் இருக்கிறது. அதைத் தொட வேண்டும்! வேறு எவராவது கதவைத் திறக்கும்வரை காத்திருந்து, அந்த இடைவெளியில் நழுவி வெளியேறுகிறார், அமெரிக்காவின் மிகப் பெரிய செல்வர்களுள் ஒருவரான ஹோவார்டு ஹியூஸ்.

2004-ஆம் ஆண்டு வெளிவந்த இப்படத்தை இயக்கியவர் மார்ட்டின் ஸ்கார்செஸி. ஹியூசாக நடித்தவர் லியனார்டோ டிகாப்ரியோ. ஐந்து ஆஸ்கார் விருதுகள் பெற்ற படம். திரைப்பட விமரிசனத்துக்கு அறிவியல் ஏட்டில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ‘ஓ.சி.டி.’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நோயைப் பற்றி நம்மில் பலர் அறிந்திருப்பது இத்தகைய படங்களின் வழியாகத்தான். தமிழில் ‘எண்ணச் சுழற்சி நோய்’ என்று அதை வழங்குகிறோம். படம் எதைச் சரியாகக் காட்டுகிறது, எதைத் தவறாக உணர்த்துகிறது, எதைக் காட்டாமலே விட்டுவிடுகிறது என்று பார்ப்பது அறிவியல் வாசகருக்கு உரிய வேலைதான்.

முதலில் நோயைப் பற்றிச் சில வரிகள். இதில் இரண்டு உறுப்புகள் உண்டு. விரும்பாமலே மனத்துள் புகுந்து திரும்பத் திரும்பக் குடைகின்ற எண்ணம் ஒன்று. அந்த எண்ணம் தரும் வேதனையைத் தணிப்பதற்காகச் செய்தே தீரவேண்டியிருக்கும் செயல் மற்றொன்று. ‘கையில் கிருமி ஒட்டிவிட்டது’ என்பது எண்ணம், கழுவுவது செயல். ‘அடுப்பை அணைத்தோமா?’ என்பது எண்ணம். பத்தாவது முறை எழுந்து போய்ப் பார்ப்பது செயல். இந்த அச்சம் பொருளற்றது என்பது பெரும்பாலான நோயாளிகளுக்குத் தெரியும். தெரிந்தும் விட முடிவதில்லை. ஏறத்தாழ நூற்றுக்கு இருவர் தம் வாழ்நாளில் எப்போதாவது இந்நோய்க்கு ஆளாகின்றனர். பெரும்பாலும் இளமையிலேயே, அதாவது இதைப் படிக்கும் மாணவர்களின் வயதிலேயே, இது தொடங்குகிறது.

இந்த ‘தெரிந்தும் விட முடியாத’ நிலையைத்தான் ஸ்கார்செஸி அருமையாகப் படம் பிடித்திருக்கிறார். பொதுவாகத் திரையில் மனநோயாளி என்றால் தலையை விரித்துக்கொண்டு சிரிக்க வேண்டும், அல்லது கத்தியைத் தூக்க வேண்டும். இங்கே அப்படியொன்றும் இல்லை. கதவுக் குமிழைப் பார்க்கும் டிகாப்ரியோவின் கண்களில் அச்சமும் இருக்கிறது, அந்த அச்சத்தைக் குறித்த வெட்கமும் இருக்கிறது. ஒரு விருந்தில் அவர் தட்டிலிருந்து வேறொருவர் ஒரே ஒரு பட்டாணியை எடுத்துத் தின்றுவிடுகிறார். அதன்பின் அந்தத் தட்டை அவரால் பார்க்கவும் முடியவில்லை. நகைப்புக்கு இடமான காட்சிதான். ஆனால் அரங்கில் நகைப்பு எழாதபடி இயக்குநர் அதை அமைத்திருக்கிறார். நோயாளியைக் கோமாளி ஆக்காமலும் கொடியவன் ஆக்காமலும் காட்டியதற்கே அவரைப் பாராட்ட வேண்டும்.

இனிக் குறைகளுக்கு வருவோம்.

படத்தின் முன்பகுதியில் ஒரு காட்சி. ஹியூஸ் தாம் எடுக்கும் விமானப் போர்ப் படத்துக்கு மேகங்கள் வேண்டும் என்று மாதக் கணக்கில் காத்திருக்கிறார். மேகத்தைத் தேடிப் பிடிக்க வானிலைப் பேராசிரியர் ஒருவரையே சம்பளத்துக்கு அமர்த்துகிறார். மேகமற்ற நீல வானில் பறக்கும் விமானம் நின்றுகொண்டிருப்பது போலவே தோன்றும். ஒப்பிட ஒரு பொருள் இருந்தால்தான் வேகம் புலப்படும். சார்பு இயக்கத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறையில் கிடைக்காது. இன்னொரு காட்சியில், தம் பந்தய விமானத்தின் உடலை உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். ரிவெட் ஆணிகளின் தலைகள் துளியும் துருத்திக் கொண்டிருக்கக் கூடாது, தகட்டோடு தகடாய் இழைந்திருக்க வேண்டும் என்கிறார். இதுவும் சரியான இயற்பியல். துருத்தும் ஒவ்வோர் ஆணித்தலையும் காற்றின் இழுவையை மிகுவிக்கும். அந்த விமானத்தில்தான் 1935-இல் மணிக்கு ஏறத்தாழ 567 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து, தரை விமானங்களுக்கான உலகச் சாதனையை ஹியூஸ் நிகழ்த்தினார்.

ஆனால் படம் இந்தக் காட்சிகளையும் கழிவறைக் காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்து ஒரு கருத்தை நம் மனத்தில் ஊன்றுகிறது. ஆணித்தலையைத் தடவும் கையும், சோப்பைத் தேய்க்கும் கையும் ஒன்றே. இந்த நோய்தான் அந்த மேதைமையின் ஊற்று என்பதே அக்கருத்து. கேட்கக் கவர்ச்சியாக இருக்கிறது. உண்மைதானா?

ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைப் பிடித்திருக்கிறீர்கள் அல்லவா? அதற்கு ஒரு மீச்சிற்றளவு உண்டு. நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை அளக்கலாம். அதற்கு மேல் அந்தக் கருவியால் ஆகாது. பொறியாளன் எவ்வளவுதான் நுணுக்கம் பார்த்தாலும், ‘இந்தப் பிழை வரம்புக்குள் வந்துவிட்டது, போதும்’ என்று சொல்லக்கூடிய இடம் ஒன்று அவனுக்கு உண்டு. விமானத்தைப் பறக்கவிட்டால் வேகமானி விடை சொல்லிவிடும். எண்ணச் சுழற்சி நோயிலோ ‘போதும்’ என்னும் அந்த அளவீடே கிடைப்பதில்லை. ஆறாவது முறை கழுவிய கை ஐந்தாவது முறை கழுவிய கையைவிடத் தூய்மையானதா என்று நோயாளியைக் கேட்டுப் பாருங்கள், அவருக்கே தெரியாது. எந்த அளவீட்டையும் ஏற்க மறுப்பதுதான் இந்த ஐயத்தின் இயல்பு. ஆகவே இரண்டு கைகளும் ஒன்றல்ல. ஒன்று விடை கிடைத்ததும் நின்றுவிடும். மற்றொன்றுக்கு விடை என்பதே கிடையாது.

இதற்குச் சான்று படத்திலேயே இருக்கிறது. ‘எல்லா வரைபடங்களையும் எனக்குக் காட்டு’ என்று தம் பொறியாளரிடம் சொல்லத் தொடங்கும் ஹியூஸ் அந்த ஒரே வாக்கியத்தில் சிக்கிக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் தம் வாயைத் தாமே பொத்திக்கொள்கிறார். அந்த நேரத்தில் எந்த வரைபடத்தையும் அவர் பார்க்கவில்லை. வேலை நின்றுபோயிற்று. மேதைமைக்கு எண்ணெய் ஊற்றியது நோய் என்றால், இங்கே விளக்கு ஏன் அணைந்தது? ‘படிப்பாளிகளுக்கு இப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லி, பிள்ளையின் துன்பத்தைப் பெருமையாக எடுத்துக்கொள்ளும் பெற்றோர் இருக்கிறார்கள். கேள்வித்தாளின் முதல் வினாவையே ஏழு முறை படித்து, விடை எழுத நேரமின்றித் தாளைக் கொடுத்துவிட்டு வரும் மாணவனுக்கு அந்தப் பெருமையால் பயன் ஒன்றுமில்லை.

இரண்டாவது குறை படத்தின் முதல் காட்சியிலேயே உள்ளது. மங்கலான ஒளி. சிறுவன் ஹியூசைத் தாய் குளிப்பாட்டுகிறாள். ‘தொற்றுத் தடைக் காப்பு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித் தருகிறாள். காலராவையும் டைஃபஸ் காய்ச்சலையும் பற்றி எச்சரிக்கிறாள். உனக்குப் பாதுகாப்பு இல்லை என்கிறாள். அடுத்த காட்சியிலேயே அவன் வளர்ந்தவனாகிவிடுகிறான். பார்வையாளர் தாமே முடிவு கட்டிக்கொள்கிறார்: தாய்தான் காரணம்.

ஹியூசின் தாய் தம் மகனின் உடல்நலம் குறித்து, அதிலும் போலியோ குறித்து, மிகுந்த அச்சம் கொண்டிருந்தது உண்மை. 1976-இல் ஹியூஸ் இறந்தபின் அவருடைய ஆவணங்களை ஆராய்ந்து ‘உளவியல் பிரேத பரிசோதனை’ போன்றதொரு மதிப்பீட்டைச் செய்த உளவியலார் ரேமண்ட் ஃபௌலரும் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆயினும் கிருமிக்கு அஞ்சிய தாய்மார் அக்காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் கதவுக் குமிழின் முன் உறைந்து நிற்கவில்லை. இந்நோயில் பரம்பரைக்குக் கணிசமான பங்கு உண்டு என்று இரட்டையர்களைப் பற்றிய ஆய்வுகள் காட்டுகின்றன. மூளையின் முன்புறணிக்கும் அடிப்பகுதி உட்கருக்களுக்கும் இடையே ஓடும் சில நரம்புச் சுற்றுகள் இந்நோயாளிகளிடம் அளவுக்கு மீறி வேலை செய்வதும் கண்டறியப்பட்டுள்ளது. வளர்ப்பும் சூழ்நிலையும் இவற்றோடு சேர்ந்துகொள்ளலாம். எந்த விகிதத்தில் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரு குளியல் காட்சியால் இத்தனையும் விளங்கிவிடாது. தாயின் தலையில் பழியைப் போடுவது கதைக்கு வசதி. நோயாளியை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் வர வேண்டிய தாய்க்கோ அது ஒரு முட்டுக்கட்டை.

ஹியூசுக்கு இருந்தது இந்த ஒரு நோய் மட்டுமே என்றும் எண்ண வேண்டாம். பல விபத்துகளில் அவர் தலையில் அடிபட்டவர். 1946 ஜூலையில் பெவர்லி ஹில்ஸ் வீடுகளின் மேல் அவருடைய சோதனை விமானம் விழுந்தபோது உயிர் தப்பியதே அரிது. அதன்பின் வலிக்காகத் தரப்பட்ட மருந்துகள் பழக்கமாகிப் போயின. பின்னாள் சீரழிவில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

இனி, இந்த நோய் எப்படி வளர்கிறது என்பதற்கு வருவோம். படத்தின் மூன்றாவது குறை, நான் மிகப் பெரிதாகக் கருதும் குறை, இங்கேதான் இருக்கிறது.

கலியாண மண்டபத்தில் மைக் திடீரென்று ‘கீ...’ என்று ஊளையிடுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒலிபெருக்கியிலிருந்து வரும் சிறு ஒலி மைக்கில் புகுகிறது. பெருக்கப்பட்டு மீண்டும் ஒலிபெருக்கி வழியே வருகிறது. மறுபடி மைக்கில் புகுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒலி வளர்கிறது. இதை நேர்ப் பின்னூட்டம் என்கிறோம். எண்ணச் சுழற்சி நோயின் சுற்றும் இத்தகையதே. அச்சம் எழுகிறது; கையைக் கழுவுகிறார்; அச்சம் உடனே தணிகிறது. தணிந்தது நல்லதுதானே என்று தோன்றும். வினையே அதில்தான் இருக்கிறது. ‘கழுவியதால்தான் தப்பினாய்’ என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை அச்சம் இன்னும் எளிதாக எழும். இன்னும் கூடுதலாகக் கழுவ வேண்டியிருக்கும். அதாவது, நோயாளிக்கு ஆறுதல் தரும் செயலே நோய்க்குத் தீனியாகிறது.

இந்தச் சுற்றில் நோயாளி மட்டுமே இருப்பதில்லை. வாசலிலேயே உடை மாற்றிக்கொண்டு உள்ளே வரும் தந்தை, மகள் கேட்டபோதெல்லாம் ‘ஆமாம், கதவு பூட்டித்தான் இருக்கிறது’ என்று இருபதாவது முறையும் சொல்லும் தாய், பாத்திரத்தை மறுபடி கழுவித் தரும் மனைவி ஆகிய எல்லாரும், அன்பின் காரணமாகவே, அந்தப் பெருக்கியின் உறுப்புகள் ஆகிவிடுகின்றனர். குடும்பத்தார் நோய்க்கு இணங்கிப் போகப் போக நோய் கடுமையாகிறது என்பதை இன்றைய ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன.

இந்த விதிக்கு உலகில் ஹியூசைப் போன்ற எடுத்துக்காட்டு வேறில்லை. ஏழையின் நோய்க்கு ஓர் எல்லை உண்டு. தண்ணீர் தீர்ந்துவிடும், வேலைக்குப் போக வேண்டும், பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள். ஹியூசுக்கு அந்த எல்லையே இல்லை. இணக்கத்தை விலைக்கு வாங்க அவரிடம் பணம் இருந்தது. அவருடைய உதவியாளர்கள் எந்தப் பொருளையும் மெல்லிய காகிதக் கைக்குட்டைகளைச் சுற்றித்தான் அவரிடம் நீட்ட வேண்டும். பழம் அடைத்த தகரக் குவளை ஒன்றைத் திறப்பதற்கு அவர் எழுதுவித்த விதிமுறை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. மேசையை ஆயத்தம் செய்வது, குவளையைக் கழுவுவது, அதன் மேல் ஒட்டிய தாளை நீக்குவது, துடைப்பது, கைகளைத் தூய்மை செய்வது, பிறகு திறப்பது என்று கட்டம் கட்டமாக அது செல்கிறது. சம்பளம் வாங்கியவர்கள் அப்படியே செய்தார்கள். செய்யச் செய்ய விதிமுறைகள் நீண்டன.

கிருமிக்கு அஞ்சிய இதே மனிதர் முடியும் நகமும் வளர்ந்து, அழுக்கில் கிடந்தார் என்பது பலருக்கு வியப்பு. வியப்புக்கு இடமில்லை. நோயின் மையம் தூய்மை அன்று, அச்சம். குளிப்பதே பெருஞ்சடங்காகிவிட்ட ஒருவர் ஒரு கட்டத்தில் குளிப்பதையே விட்டுவிடுவார். வெளியே இருந்து வருவனவற்றைத் தடுப்பதுதான் ஹியூசின் கவலை. தம் அழுக்கு அவருக்கு அச்சம் தரவில்லை. 1966-இன் இறுதியில் லாஸ் வேகாஸ் நகரின் ‘டெசர்ட் இன்’ விடுதியின் மேல்மாடியில் புகுந்தவர், 1970-இல் அந்நகரை விட்டுப் போகும்வரை, மூடிய சாளரங்களுக்குள்ளேயே காலம் கழித்தார். விடுதியார் வெளியேறச் சொன்னபோது விடுதியையே வாங்கிவிட்டார்! 1976-இல் அவர் இறந்தபோது, அடையாளம் காண விரல் ரேகையைத் துணைகொள்ள வேண்டியிருந்தது.

படம் 1947-லேயே முடிந்துவிடுவதால் இவை அதில் இல்லை. அது குற்றமன்று. ஆனால் படத்துக்குள் இருக்கும் இணக்கத்தையும் இயக்குநர் அன்பின் அடையாளமாகவே காட்டுகிறார். சிறு திரையரங்கில் தம்மைத் தாமே பூட்டிக்கொண்ட ஹியூஸ், பால் புட்டிகளை எப்படி எடுத்துவர வேண்டும், எப்படி நீட்ட வேண்டும் என்று விதி வகுத்துச் சொல்லிக்கொண்டே போகிறார். வெளியே இருப்பவர்கள் வருத்தத்தோடு கீழ்ப்படிகிறார்கள். விசுவாசமுள்ள நண்பர்கள் என்று நாமும் நெகிழ்கிறோம். அந்த விசுவாசம் அவரை இன்னும் உள்ளே தள்ளுகிறது என்பதை உணர்த்த ஒரு காட்சிகூட இல்லை.

1947-இல் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால், உண்மையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஹியூஸ் அந்த லாஸ் வேகாஸ் அறைக்குள் புகுந்த அதே 1966-ஆம் ஆண்டில்தான் வழி திறந்தது. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய விக்டர் மேயர் என்ற உளவியலார், பல சிகிச்சைகளுக்கும் மசியாத இரண்டு நோயாளிகளைப் பற்றி அவ்வாண்டு எழுதினார். அவர் செய்தது எளிமையானது. அச்சம் தரும் பொருளை நோயாளி தொட வேண்டும். தொட்டபின் சடங்கைச் செய்யக் கூடாது. செவிலியர் உடனிருந்து பார்த்துக்கொண்டனர். தேவைப்பட்டபோது அறைக்கு வரும் தண்ணீரும் நிறுத்தப்பட்டது. அச்சம் உச்சிக்கு ஏறியது. பிறகு, கழுவாமலே, தானாக இறங்கியது. மண்டபத்தில் மைக்கை ஒலிபெருக்கியிடமிருந்து விலக்கி வைப்பது போன்ற செயல் இது, சுற்று அறுந்துவிடுகிறது.

‘எதிர்கொள்ளலும் மறுவினைத் தடுப்பும்’ என்று வளர்ந்த இம்முறை இன்று படிப்படியாகச் செய்யப்படுகிறது. அச்சங்களை ஓர் ஏணியாக வரிசைப்படுத்தி, கீழ்ப்படியிலிருந்து ஏறுவார்கள். முதல் வாரம் வீட்டுக் கதவுக் குமிழ். பின்னர் பேருந்தின் கைப்பிடி. அச்சம் தணிவதைக் காட்டிலும், ‘அஞ்சியது நடக்கவில்லை, அச்சத்தையும் தாங்க முடிகிறது’ என்று மூளை புதிதாகக் கற்றுக்கொள்வதே முக்கியம் என்று இப்போது கருதுகிறார்கள். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது நோயாளியின் முழுச் சம்மதத்தோடு, பயிற்சி பெற்றவரின் துணையோடு செய்வது. மேயரின் கதையைப் படித்துவிட்டு வீட்டில் குழாயை மூடுவது சிகிச்சை ஆகாது, கொடுமை. இணக்கத்தைக் குறைப்பதும் நோயாளியோடு பேசி, சிறிது சிறிதாகச் செய்ய வேண்டியதே.

மருந்தும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் வந்தது. குளோமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்து இந்நோய்க்கும் பயன்படுவதை 1967-இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் அறிவித்தனர். பின்னர் ஃப்ளுவாக்ஸெட்டின், செர்ட்ராலின் முதலியவை வந்தன. இவை நரம்புகளுக்கிடையே செரட்டோனின் என்னும் பொருள் நீடித்திருக்கச் செய்பவை. மனச்சோர்வுக்குத் தருவதைவிடப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். இரண்டாம் வாரமே ‘பலனில்லை’ என்று தாமாக நிறுத்திவிடுபவர்கள் பலர். சிகிச்சை பெறுவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கணிசமான நலம் பெறுகின்றனர். அடியோடு மறைந்துவிடும் என்று எல்லாருக்கும் உறுதி கூற இயலாது.

இயற்பியல் மாணவர்களுக்கு விருந்தான ஒரு செய்தியும் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் லூயிஸ் பேக்ஸ்டர், ஜெஃப்ரி ஷ்வார்ட்ஸ் ஆகியோர் அடங்கிய குழு, பாசிட்ரான் படம் எடுக்கும் கருவியால் இந்நோயாளிகளின் மூளையை ஆராய்ந்தது. கதிரியக்க ஃபுளூரின் அணு சேர்த்த சர்க்கரைப் பொருள் ஒன்றை உடலில் செலுத்துவார்கள். மூளையின் எப்பகுதி மிகுதியாக உழைக்கிறதோ அங்கே அது மிகுதியாகச் சேரும். வெளிப்படும் பாசிட்ரான் ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்து இரண்டும் அழியும். அவற்றுக்கு ஈடாக, ஒவ்வொன்றும் 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசைகளில் பாயும். இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்தால், அவை புறப்பட்ட இடம் அந்த நேர்க்கோட்டில்தான் என்பது தெரிந்துவிடும். 1992-இல் இக்குழு வெளியிட்ட முடிவு இது: மருந்தால் குணமடைந்தவர்களிடமும், மருந்தின்றிப் பயிற்சியால் மட்டும் குணமடைந்தவர்களிடமும், மூளையின் காடேட் உட்கருவில் மிகையான உழைப்பு குறைந்திருந்தது. நோயாளிகளின் எண்ணிக்கை சிறியது. ஆகவே இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. ஆயினும் பேச்சும் பயிற்சியும் மூளையின் இயக்கத்தை மாற்றக்கூடும் என்று எண்களால் காட்டியது சிறிய செயலா?

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. அதே ஷ்வார்ட்ஸ்தான் ‘தி ஏவியேட்டர்’ படத்துக்கு ஆலோசகர்! நோயாளி எப்படி நிற்பார், எப்படித் திணறுவார் என்று டிகாப்ரியோவுக்கு எடுத்துச் சொன்னவர் அவர். சிகிச்சையை நன்கறிந்த ஒருவர் படப்பிடிப்பில் இருந்தும், ஏறத்தாழ 170 நிமிடங்கள் ஓடும் படத்தில் நோயின் பெயரும் இல்லை, மருந்து உண்டு என்ற குறிப்பும் இல்லை. இறுதிக் காட்சியில் ஹியூஸ் மீண்டும் ஒரே சொற்றொடரில் சிக்கிக்கொள்ள, நண்பர்கள் அவரை யார் கண்ணிலும் படாமல் ஓர் அறைக்குள் தள்ளுகிறார்கள். படம் இருளில் முடிகிறது. கதை நடக்கும் காலத்துக்கு அது நேர்மைதான். ஆனால் இன்று அதைப் பார்க்கும் இருபது வயது நோயாளி என்ன எண்ணிக்கொண்டு எழுந்து போவான்? கடைசியில் இரண்டு வரி எழுத்தைத் திரையில் ஓடவிடுவதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும்?

இதோடு ஒப்பிட, 1997-இல் வந்த ‘ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்’ என்ற படத்தைச் சொல்லலாம். அதில் ஜாக் நிக்கல்சன் ஒவ்வொரு முறையும் புதிய சோப்புக் கட்டியை எடுப்பார். நடைபாதையின் விரிசல்களை மிதிக்க மாட்டார். அங்கே மாத்திரை ஒன்று பேச்சிலாவது வருகிறது. ஆனால் நோயை அசைப்பது காதல்தான். காதல் மருந்தன்று. தவிர, நோயாளி என்றால் எல்லாரையும் திட்டித் தீர்க்கும் சிடுமூஞ்சி என்ற தவறான எண்ணத்தையும் அது பரப்பிற்று. நடிப்புக்காகப் பார்க்கலாம்.

இரண்டு படங்களும் நோயின் கண்ணுக்குத் தெரியும் பாதியை மட்டுமே காட்டுகின்றன. கழுவுவதைப் படமெடுக்கலாம்; எண்ணத்தை எப்படிப் படமெடுப்பது? கோயிலில் நிற்கும்போது சாமியைப் பற்றித் தகாத எண்ணம் வருகிறது என்று நடுங்குபவர்கள் இருக்கிறார்கள். குழந்தைக்குத் தன் கையாலேயே தீங்கு நேருமோ என்று அஞ்சிக் கத்தியை ஒளித்து வைக்கும் இளந்தாய்மார் இருக்கிறார்கள். அவர்களுடைய சடங்கு மனத்துக்குள்ளேயே நடக்கும்: எண்ணுவது, மன்னிப்புக் கேட்பது, நடந்ததை மறுபடி மறுபடி நினைவில் ஓட்டிப் பார்ப்பது. வெளியில் ஒன்றும் தெரியாது. தாம் கெட்டவர் என்றே நம்பி, யாரிடமும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் மறைத்து வாழ்வார்கள். அந்த எண்ணத்தைக் கண்டு அவர்கள் அஞ்சுவதே, அது அவர்களுடைய விருப்பம் அன்று என்பதற்கு அடையாளம். இதுவும் அதே நோய். இதற்கும் அதே சிகிச்சைகள் உண்டு. நம் ஊர்களில் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்தால் தமிழிலேயே பேசலாம்; கட்டணம் இல்லை. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இந்நோய்க்கென்றே தனி மருத்துவப் பிரிவு இருக்கிறது.

இத்தனை குறை சொன்னபின்னும், படத்தைப் பாருங்கள் என்றே சொல்வேன். முக்கியமாக ஒரு காட்சியைத் தவற விடாதீர்கள். இரவு நேரம். கேட் பிளான்செட் நடிக்கும் கேத்தரின் ஹெப்பர்ன் என்ற நடிகையைத் தம் விமானத்தில் ஏற்றிக்கொண்டு ஹியூஸ் பறக்கிறார். பிறர் கைப்பட்ட பிடியைத் தொட அஞ்சி, விமானத்தின் செலுத்துபிடிக்கே மெல்லிய உறை சுற்றி வைத்திருப்பவர் அவர். ஹெப்பர்ன் பால் புட்டியிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு, அப்படியே அவரிடம் நீட்டுகிறார். ஹியூஸ் அந்தப் புட்டியின் வாயை ஒரு கணம் பார்க்கிறார். பிறகு குடித்துவிடுகிறார். துடைக்கவில்லை, கொப்பளிக்கவில்லை. கீழே நகரத்தின் விளக்குகள். ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. காதல் காட்சி என்றே இயக்குநர் அதை எடுத்திருக்கிறார். ஆனால் விக்டர் மேயர் தம் மருத்துவமனையில் செய்ததன் முதல் படி அதில் இருக்கிறது. பின்னால், பூட்டிய திரையரங்கின் கதவுக்கு வெளியே அதே ஹெப்பர்ன் வந்து நின்று பேசும்போது, உள்ளே வரிசையாக அடுக்கியிருக்கும் புட்டிகளைக் கவனியுங்கள். அவையும் பால் புட்டிகள்தாம்.